வாயு மூலைக் குழியும் ஈசானிய மூலைத் தண்ணீரும்

அந்த வரைபடத்தைப் போட்டது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

காரைக்கால் பக்கம், கோட்டுச்சேரிக்கு வெளியே, வயல்களைத் தூர்த்து உண்டாக்கிய ஒரு தெருவில் பதினொரு பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. தெரு கிழக்கு மேற்காகப் போகிறது. மேற்கிலிருந்து எண்ணினால் நான்காவது என் அண்ணனுடையது. இரும்புச் சாமான்களுக்குத் துத்தநாக முலாம் போடும் பட்டறை. திருவேட்டக்குடிப் படகுகளின் போல்ட்டு, கொக்கி, வளையம், நங்கூரச் சங்கிலி எல்லாம் செம்பழுப்பாக வந்து வெள்ளையாகத் திரும்பிப் போகும். முதலில் ஆசிட் தொட்டியில் முக்கித் துருவைக் கழற்ற வேண்டும். பிறகு உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்க வேண்டும். வலுவிழந்துபோன ஆசிட்டை எங்காவது கொட்டியாக வேண்டும். அதற்கு ஒரு குழி.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் வரைவாளராக இருக்கிறேன். கோடு போடுவது என் தொழில். கல்லூரி முடித்த வருடத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன், ஒருநாள் விட்டதில்லை. அண்ணன் அந்த மனையை வாங்கியபோது, மூலப் பத்திரம் பிரெஞ்சில் இருந்தது; அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்ததும், மனையைச் சங்கிலி பிடித்து அளந்ததும், கட்டடத்துக்கு வரைபடம் போட்டதும் நான்தான். அண்ணன் வாஸ்து பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் மனையின் நடுவில் நின்றுகொண்டு கையை நீட்டி நீட்டிச் சொன்னார்: உலை தென்கிழக்கே, அக்னி மூலையில். கனமான இரும்பு தென்மேற்கே, கன்னி மூலையில். உடையவர் உட்காரும் அறையும் அங்கேதான். தெற்குப் பக்கம் எங்கேயும் பள்ளம் கூடாது. கழிவுக் குழி வடமேற்கே, வாயு மூலையில். நல்ல தண்ணீர் வடகிழக்கே, ஈசானிய மூலையில்.

அவர் சொன்னபடியே போட்டேன். குழியின் விளிம்பிலிருந்து போர்க்குழாய் வரை நாற்பத்தெட்டு அடி. அன்றைய நாட்குறிப்பில் "வாஸ்துப்படி அமைந்தது. ஓர் அங்குலம் பிசகில்லை" என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் மனை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது மூலைகளைத்தான். பிற்காலத்தில் விற்க நேர்ந்தால் விலைக்கு ஆகும் என்று நினைத்தேன். தெருவில் எனக்குப் பின் கட்டியவர்கள் ஏழு பேர் என் வரைபடத்தை வாங்கிப் பார்த்து அப்படியே கட்டினார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

படகுக்காரர்கள் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியதும் பட்டறை படுத்துவிட்டது. அண்ணனும் அண்ணியும் நகரத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, பட்டறையின் முன்பக்கம் கன்னி மூலையில் இருந்த இரண்டு அறைகளுக்கு வந்தார்கள். ஆறு மாதத்துக்கு என்று சொல்லித்தான் வந்தார்கள், வருடங்கள் ஓடிவிட்டன. பிள்ளைகள் இல்லை. அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. என் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி நானும் என் மனைவியும் கூப்பிட்டோம். எங்களுடையது இரண்டு அறை, அதில் ஒன்றில் என் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அண்ணன் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன எங்க படுக்கப் போடுவ, பீரோ மேலயா?" என்று சிரித்தார். பேச்சு அதோடு முடிந்தது.

அதன் பிறகு ஒரே வழிதான் இருந்தது. மனையை விற்று, தலத்தெருவில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு சிறிய ஓட்டு வீட்டை வாங்குவது. அந்த வீட்டுக்காரர் தை வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார். அண்ணி இரண்டு முறை போய்ப் பார்த்தார். இரண்டாம் முறை என்னிடம் டேப் கேட்டு வாங்கி, சமையல் மேடையின் நீளத்தைத் தானே அளந்துகொண்டார்.

வைகாசியில் புரோக்கர் ஒரு பாயை அழைத்து வந்தார். காரைக்கால் நகரத்துக்காரர். இருபது வருடம் வளைகுடாவில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். படகுகளுக்கு ஐஸ் போடும் கம்பெனி ஆரம்பிக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். லாரி திரும்பும் அளவுக்குத் தெரு, மும்முனை மின்சாரம், சுற்றுச் சுவர், கூரை எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. முப்பது வருட வில்லங்கச் சான்றை நான் எடுத்து வைத்திருந்தேன். ஒரு குறையும் இல்லை. குழிக்கு என்ன விலை என்று பேசி முடித்தார்கள். (எங்கள் பக்கத்தில் மனையைக் குழிக் கணக்கில்தான் பேசுவோம்; ஆசிட் குழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அண்ணி டீ போட்டுக் கொடுத்தார். பால் திரிந்து, டீ மேலே துணுக்குத் துணுக்காக மிதந்தது. அண்ணி கூசிப்போய், பால்காரன் சரியில்லை என்றார்.

பாய் அதைக் குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஐஸுக்குத் தண்ணீர்தான் எல்லாம், தண்ணீர்ச் சோதனை ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டார்.

மறுநாள் மாதிரி எடுக்கப் புரோக்கரும் நானும் போனோம். வழியில் அவர், கோட்டுச்சேரியில் தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்துவிடலாம், எல்லாரும் செய்வதுதான் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒளிக்க எங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசி, கழுத்துவரை பிடித்து, நாள், நேரம், இடம் எழுதி ஒட்டினேன். அண்ணன் பக்கத்தில் நின்று, "கல்யாணப் பொண்ண ஜோடிக்கிற மாதிரி ஜோடிக்கிறான்" என்று புரோக்கரிடம் சொன்னார்.

அறிக்கை பதினெட்டாம் நாள் வந்தது. இரண்டு கட்டங்கள். ஒன்றில் இருக்கலாம் என்ற அளவு, மற்றதில் இருக்கிற அளவு. துத்தநாகம், இரும்பு, ஈயம். புளிப்புக்கும் ஒரு எண். நான் வாழ்க்கை முழுதும் எண்களோடு இருப்பவன். அந்த இரண்டு கட்டங்களையும் நான்கு முறை படித்தேன், ஒருவேளை தசமப் புள்ளியை இடம் மாற்றி அச்சடித்திருப்பார்களோ என்று.

பாய் வந்தார். அறிக்கையைப் படித்துவிட்டு, கழிவை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டார். அண்ணன் வடமேற்கைக் காட்டினார். குழி எப்போதோ மூடப்பட்டு, அதன்மேல் அண்ணி கீரை போட்டிருந்தார். சரியான இடம் தெரிய வேண்டுமென்று நான் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன். கூடவே நாட்குறிப்புகளையும் வைத்தேன். எந்தத் தேதியில் எத்தனை பேரல் ஆசிட் குழிக்குப் போனது, புளிப்பை முறிக்க எத்தனை மூட்டைச் சுண்ணாம்பு மேலே போட்டோம் என்று எல்லாம் இருந்தது. நாங்கள் ஒழுங்காகச் செய்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி என்று அந்த நிமிடம்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் நாட்குறிப்பைத் திறக்கவே இல்லை. வரைபடத்தில் குழியின் மேல் விரலை வைத்தார்.

"சார், கடல் எந்தப் பக்கம்?"

"கெழக்க," என்றேன்.

"அப்ப மண்ணுக்குள்ள ஓடுற தண்ணி எந்தப் பக்கமா போவும்?"

அவர் விரல் குழியிலிருந்து கிளம்பி, நான் வரைந்த வடக்கு எல்லைக் கோட்டை ஒட்டியே மெதுவாகக் கிழக்கே போனது. போர்க்குழாயின் மேல் நின்றது. நாற்பத்தெட்டு அடி. ஓர் அங்குலம் பிசகில்லை.

அண்ணி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய விரல் நுனிகளில் தோல் வெடித்திருப்பதைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். சோப்புத்தூள் என்று நினைத்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே," என்று பாய் அண்ணனிடம் சொன்னார். "ஐஸுல மீன வைப்பாங்க. அது எந்த வூட்டுச் சட்டிக்குப் போவுமோ. எனக்கு அந்த நிய்யத்து வரலிங்க, மனசு வரல. எடத்த வுடுங்க, மொதல்ல இந்தத் தண்ணிய நிறுத்துங்க. நாளைக்கி இல்ல, இன்னிக்கி."

அன்று இரவு என் வீட்டில் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டினேன். அண்ணன் குடும்பம் பட்டறைக்குப் போன பிறகு, "அண்ணி பால்காரரை மாற்றினார்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். மூன்று தடவையும் காரணம் போட்டிருக்கிறது: பால் திரிகிறது. "சோறு மஞ்சளாக இருந்தது, புது அரிசி போலும்" என்று ஓரிடத்தில். "அண்ணனுக்கு மறுபடி வயிற்றுவலி" என்று ஆறு இடத்தில். எல்லாம் என் கையெழுத்துதான். தேதி போட்டு, அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். எழுதியவன் எதையும் படிக்கவில்லை.

செய்தி தெருவில் பரவ ஒரு வாரம் ஆகவில்லை. முதலில் வந்தவர் கிழக்கே பக்கத்துப் பட்டறைக்காரர். அப்பளக் கம்பெனி வைத்திருக்கிறார். எங்கள் போரைத் தாண்டிய தண்ணீர் அவர் மனைக்குத்தான் போகிறது. அதை எச்சரிக்கையாக அவரிடம் சொல்லத் தொடங்கினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார்.

"சார், சொல்லாதீங்க. நான் கேக்கல. நீங்க எழுதாம இருந்திருந்தீங்கன்னா இது வெறும் தண்ணி. எழுதி வச்சில்ல எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சிட்டீங்க."

அவர் சோதனை செய்யவில்லை. இன்றுவரை செய்யவில்லை. வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வரும் நாளில் எங்கள் பக்கத்துச் சுவரை ஒட்டி அப்பளத் தட்டிகளை உயரமாக அடுக்கி மறைத்துவிடுகிறார். தெருவில் அதன் பிறகு நடந்த ஒவ்வொன்றையும் நான் குறித்திருக்கிறேன். மூன்றாம் பட்டறைக்காரர் இரண்டடி உயரத்துக்குச் செம்மண் அடித்து, வெள்ளம் வந்தாலும் நிற்காத இடம் என்று சொல்லிக் கிடங்குக்கு விற்றுவிட்டார். ஏழாவது, கார் நிறுத்தும் இடமாகக் கல்யாண மண்டபத்துக்குப் போனது. அவர்கள் மனைகளிலும் வாயு மூலையில் குழி இருக்கிறது, ஈசானியத்தில் போர் இருக்கிறது, என் வரைபடம்தானே. ஆனால் அங்கே யாரும் பாட்டிலைக் கழுத்துவரை பிடித்து நாள், நேரம் எழுதி ஒட்டவில்லை. பதினொரு மனைகளில் சோதித்தது ஒன்றே ஒன்று. ஆகவே கெட்ட மனையும் ஒன்றே ஒன்று. மற்ற பத்துக்கும் விலை குறைந்தது, ஆனால் இருந்தது. எங்களுடையதற்கு விலை என்று ஒன்று இல்லை. புரோக்கர்கள் ஆள் கூட்டி வரும்போது எங்கள் வாசலில் மட்டும் வண்டியை மெதுவாக்குவதில்லை.

மண்ணைச் சுத்தம் செய்ய முடியுமா என்று விசாரித்தேன். சென்னையிலிருந்து ஒரு பொறியாளர் வந்து துளை போட்டுப் பார்த்தார். ஆள் உயரத்துக்கும் மேலே தோண்டி, அந்த மண்ணை அதற்கென்று அனுமதி உள்ள இடத்துக்கு லாரியில் கொண்டுபோக வேண்டும் என்றார். அதற்கு ஆகும் செலவில் இதே தெருவில் இதுபோல் மூன்று மனை வாங்கலாம். அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஆவணியில் ஒரே ஒருவர் தேடி வந்தார். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குபவர். "கெட்ட எடம்னு சொன்னாங்க, அதான் வந்தேன்," என்றார். "நல்ல எடத்துல என்ன வுட மாட்டாங்களே." அண்ணன் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் போன பிறகு வெகுநேரம் கழித்து, "அவன் ஒருத்தன்தான் உண்மையப் பேசுறான்" என்றார்.

தை நெருங்கிக்கொண்டிருந்தது. தலத்தெரு வீட்டுக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். கார்த்திகையில் ஒருநாள் நான் போனபோது பட்டறை முற்றம் முழுவதும் செம்மண். அண்ணியின் கீரைப் பாத்தி அதற்குள் போய்விட்டது. புரோக்கர் ஏற்பாடு. பட்டறை மனையாக விற்காவிட்டால் வீட்டு மனையாக விற்கலாம் என்று சொல்லியிருக்கிறார். வீடு கட்ட வருகிறவர்கள் தண்ணீரைச் சோதிக்க மாட்டார்கள், மூலையைத்தான் பார்ப்பார்கள். மூலை பழுதில்லை.

அண்ணன் என்னை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம ஆளு வருது. நீ வா. வரைபடத்தக் காட்டு. வேற ஒண்ணும் பேசாத."

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை நாட்குறிப்பில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். சரி என்றேன்.

வந்தவர்கள் கணவன், மனைவி. அவர் பேருந்து ஓட்டுநர். மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தார். கோட்டுச்சேரியில் வாடகைக்கு இருக்கிறார்கள். வரைபடத்தை நான் பிடித்துக் காட்டினேன். ஈசானியத்தில் தண்ணீர் இருப்பதைப் பார்த்து அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. புரோக்கர் சந்தர்ப்பத்தை விடவில்லை. "தண்ணி கல்கண்டுங்க, குடிச்சிப் பாருங்க" என்று மோட்டாரைப் போட்டு, எங்கிருந்தோ ஒரு டம்ளரை எடுத்து நிறையப் பிடித்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவர் முதலில் குழந்தையின் வாயருகே கொண்டுபோனார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அதைச் சுருட்ட இரண்டு விநாடி போதும். நான் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.

அண்ணி அடுப்படியிலிருந்து வந்தார். ஓடி வரவில்லை. வந்து அந்தப் பெண்ணின் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். எங்கள் பக்கத்தில் ஆகாதவர் வந்து தண்ணீர் கேட்டாலும் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவோம். தாகத்துக்குக் கொடுத்த தண்ணீரைக் கையிலிருந்து பறிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. அண்ணி அதைச் செம்மண்ணில் ஊற்றினார்.

"வேணாம்மா," என்றார். "புள்ளக்கிக் குடுக்காத. போயிட்டு வாங்க."

அந்தப் பெண் டம்ளரைப் பார்த்தார், பிறகு ஈரமான மண்ணைப் பார்த்தார். அவமானம்தான் முதலில் முகத்தில் வந்தது. புரிந்தது எப்போது என்று தெரியவில்லை. போகும்போது அவர் குழந்தையின் உதட்டைச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டே போனார். புரோக்கர் அண்ணனிடம், அக்காவை உள்ளே வைத்திருக்கக் கூடாதா என்று ஏதோ முணுமுணுத்தார். அண்ணன் அவரை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் போய் நிறுத்தினார்.

தை பிறந்து பதினோராம் நாள் தலத்தெரு வீடு வேறு ஒருவருக்குப் பத்திரமானது. அலுவலகம் போகும் வழி அதுதான். அண்ணி அளந்த மேடையில் வேறு யாருடைய குக்கரோ சத்தம் போடுகிறது. அண்ணி அந்த வீட்டைப் பற்றி மறுபடி கேட்டதில்லை. டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது வாரம் இருமுறை நான் ஸ்கூட்டரில் கேன் தண்ணீர் கொண்டுபோகிறேன். குடிக்க, சமைக்க அது போதும். பால் திரிவதில்லை. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ ஈசானியத் தண்ணீர்தான். அண்ணியின் விரல்கள் அப்படியே இருக்கின்றன. விற்பனைக்கு என்று எழுதியிருந்த பலகையை அண்ணன் கழற்றி, அடுப்படி ஜன்னலில் சாரலுக்குத் தடுப்பாக வைத்திருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை கேனை இறக்கி வைத்தபோது அவர் கேட்டார்:

"கொழிய எங்க போட்டிருக்கணும்? நீ சொல்லு. படிச்சவன்தானே."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. நான் கட்டத்தாள் எடுத்து மனையை மறுபடி வரைந்தேன். கிழக்கு எல்லையில் குழியைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் நேராக அப்பளக்காரருக்குப் போகிறது. தென்மேற்கில் போட்டேன்; அவர்கள் படுக்கும் அறைக்கு அடியில் போகிறது. போரை மேற்கே மாற்றினேன். மூன்றாம் பட்டறையின் குழி அதற்குத் தண்ணீர் வரும் பக்கத்தில் நிற்கிறது. தெரு முழுவதையும் வரைந்து, பதினொரு மனைகளையும் போட்டுப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் யாராவது ஒருவருக்குப் போகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடம் இல்ல அண்ணே," என்றேன்.

அவர் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத அன்னிக்கே போட்டுப் பாத்திருக்கலாம்ல," என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அண்ணி கேன் தண்ணீரில் டீ போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.